என் பேரில் ஒரு அடைக்கோழி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாரணி வீடியோவில் கூப்பிட்டாள். தாரணி என் தங்கை செல்வியின் மகள், பெரியநாயக்கன்பாளையத்தில் ஏழாவது படிக்கிறாள். அவள் கூப்பிட்டால் முகம் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பாதி நேரம் மின்விசிறி தெரியும், பாதி நேரம் தரை. அன்றைக்கு ஒரே இருட்டாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். "பெரியம்மா, இதப் பாருங்க" என்றாள். அவள் அப்பாவின் போனில் டார்ச்சை எரியவிட்டு, அதன் மேல் ஒரு நாட்டுக்கோழி முட்டையை நிறுத்தியிருந்தாள். முட்டை முழுக்கச் சிவந்திருந்தது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் நூல் நூலாக இரத்தக் குழாய்கள்.

எங்கேயோ இப்படிச் செய்வதைப் பார்த்துவிட்டு, அடையிலிருந்து ஒன்றை எடுத்து வந்திருக்கிறாள். உள்ளே உயிர் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகியிருக்கக் கூடாது. ஒரு காலத்தில் அதுதானே என் பிழைப்பு. ஆனால் வாய் வரவில்லை. அந்தச் சிவப்பை நான் பார்த்து அத்தனை வருஷமாகிவிட்டது.

இப்போது நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்று பேர்தான், வருகைப் பதிவு எடுக்கிறேன் என்பதே பொருத்தம். என்னைப் பார்க்கிற பிள்ளைகள் யாரும் இந்த அம்மாள் ஒரு காலத்தில் ஆராய்ச்சி செய்தாள், அதுவும் துடிக்கிற இதயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

அப்போது எங்களிடம் முட்டைக்குள் பார்ப்பதற்கு டார்ச்செல்லாம் கிடையாது. ஒரு பால்பவுடர் டப்பா. அதன் மூடியில் காசு அளவுக்கு ஓட்டை, உள்ளே ஒரு குண்டு பல்பு. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கறுப்புத் துணியைக் கட்டி, அதற்குள் நுழைந்துகொண்டு ஒவ்வொரு முட்டையாக ஓட்டையில் வைத்துப் பார்க்கவேண்டும். வெளியே வரும்போது தலைமுடியெல்லாம் வேர்த்து ஒட்டியிருக்கும். கருவியல் ஆய்வுக்கூடம் என்று வாசலில் பலகை. உள்ளே வந்தால் ஸ்பிரிட் வாசனை, ஃபார்மலின் வாசனை, அதற்கும் மேலே வெதுவெதுப்பான முட்டை ஓட்டின் வாசனை. அந்தக் கடைசி வாசனை என் சுடிதாரில் ஏறி வீடு வரைக்கும் வரும்.

முட்டை பல்லடத்துக்குப் பக்கத்தில் குஞ்சு பொரிக்கிற ஒரு ஹேச்சரியிலிருந்து வரும். கடையில் வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு முன்னால் இருந்த ஒரு மாணவர் அப்படித்தான் அண்ணாச்சி கடையில் முட்டை வாங்கி இன்குபேட்டரில் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்தும் இதயம் வரவில்லையே என்று நொந்து போயிருக்கிறார். சேவலின் முகத்தையே பார்க்காத கோழி போட்ட முட்டையில் இதயம் எங்கிருந்து வரும். அதனால் நான் பஸ் ஏறிப் பல்லடம் போவேன். உமி பரப்பிய அட்டைப் பெட்டியில் முட்டைகளை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்புவேன். சூலூர் வருவதற்குள் எத்தனை வேகத்தடை உண்டென்று என் தொடைக்குத் தெரியும். ஒரு கண்டக்டர் பார்க்கும்போதெல்லாம், ஏனுங்க, ஆம்லெட் கடை எங்கீங்க போட்டிருக்கீங்க என்று கேட்பார். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்துவைப்பேன். ஆராய்ச்சி என்று சொன்னால் அதற்குமேல் நூறு கேள்வி வரும், அதற்கு ஆம்லெட் கடையே மேல்.

என் வழிகாட்டியை நாங்கள் மேடம் என்போம். பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை, அவர் வீட்டுக்காரர்கூட போனில் மேடம் இருக்காங்களா என்றுதான் கேட்பார். மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக வந்தவர்கள் முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் கோழிக்கருவின் இதயம் துடிப்பதைப் பார்க்கும்போது, பக்கத்தில் நின்று அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். என் கையையும் பிடித்தார். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டில் சின்னதாக ஜன்னல் வெட்டி, செலோடேப் ஒட்டி வைத்திருந்த முட்டை. அடையில் வைத்து இரண்டாம் நாள். கண் கிடையாது, கால் கிடையாது, இரத்தம்கூட இன்னும் சரியாக ஓட ஆரம்பிக்கவில்லை. ஆனால் அந்தக் குழாய் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. "அதவிட உனக்குத்தான் வேகமா அடிக்குது" என்று சொல்லிவிட்டு மேடம் கையை விட்டார்.

நாங்கள் தேடியது என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள், பரீட்சை வைக்கமாட்டேன். இதயத்துக்கு நான்கு அறை என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டிருப்பீர்கள். முதலில் அறையே இல்லை, ஒரே குழாய்தான். அதன் உள்பக்கத்தில் பூசினாற்போல ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களில் சில, ஒரு நேரம் வந்ததும், வரிசையை விட்டு இறங்கிப் பக்கத்தில் இருக்கிற பசைக்குள் நடந்து போகும். அவை போய்ச் சேர்ந்த இடம் திட்டாக எழும்பும். எதிரெதிரே எழும்பிய திட்டுகள் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டால் சுவர். ஒட்டாவிட்டால் ஓட்டை. அந்தச் செல்களுக்குக் கிளம்பு என்று சொன்னது யார், போதும் நில் என்று சொன்னது யார், இதுதான் கேள்வி. நான் அந்தச் செல்களைக் கண்ணாடித் தட்டில் பசை ஊற்றி நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்குக் கால் முளைத்தாற்போல ஒரு நீட்டல் வரும். அதை முதலில் பார்த்த அன்று சந்தோஷத்தில் இரண்டு டீ குடித்தேன்.

தமிழ்நாடே கரண்ட் இல்லாமல் கிடந்த வருஷங்கள் அவை. சொல்லிவிட்டுப் போகிற கரண்டைச் சமாளித்துவிடலாம். சொல்லாமல் போகிற கரண்டுக்கு இன்குபேட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்வதைத் தவிர வழியில்லை. மேடம் வீட்டிலிருந்து ஒரு பவானி ஜமுக்காளம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதைப் போர்த்தி, சுடுதண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்து, உஷ்ணமானியைப் பார்த்துக்கொண்டே நிற்போம். அது இறங்கிக்கொண்டே வரும். பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எங்கள் வேலை.

அப்படி ஒரு நாள் குளிர்ந்துபோன முட்டைகளைத் தூக்கி எறியாமல் திரும்பவும் சூடாக்கி வளர்த்துப் பார்த்தேன். இதயம் மறுபடியும் துடித்தது. ஆனால் சிலவற்றில் நடுச்சுவர் முழுதாக வரவில்லை. நடந்துகொண்டிருந்த செல்கள் குளிரில் நின்றுவிட்டு, பிறகு கிளம்பும்போது நேரம் தவறிவிட்டன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். அதே மாதிரி திரும்பச் செய்து காட்டினால்தான் அது கண்டுபிடிப்பு. மின்வாரியத்தைக் கேட்டு ஆராய்ச்சி பண்ணலாமா என்று மேடம் சிரித்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. அந்த வாரமே செல்வி வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டில் கை காய்வது தெரியாமல் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். செல்வி வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்து பம்ப் பாகங்கள் கடைந்து கொடுப்பவர். லேத்திலும் அப்படித்தான், பாதியில் கரண்ட் போய்விட்டு வந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்துவிடும் என்றார். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது, சரியாகச் சொன்னீர்கள் என்றேன். செல்வி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதே வருஷம் ஆடியில் ஒரு நாள் முழுக்கப் பட்டறைக்குக் கரண்ட் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன், அந்தியூர்த் தேருக்குப் போய்க் குதிரை பார்த்துவிட்டு வரலாம் என்று செல்வி அடம்பிடித்திருக்கிறாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே குதிரை என்றால் உயிர். காங்கேயத்துக்காரப் பெண்ணுக்கு மாட்டைப் பார்த்து வராத ஆசை குதிரையைப் பார்த்து வந்துவிட்டது என்று எங்கள் அம்மா கேலி பேசுவாள். இருவரும் பைக்கில் போனார்கள். வெள்ளைக் குதிரை ஆடுவதைப் பார்த்தார்கள். திரும்பும்போது நல்ல மழை. ஒதுங்க நிழல் இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து வீடு சேர்ந்து, செல்விக்குக் காய்ச்சல் வந்து, மாத்திரை போட்டு, அதுவும் சரியாயிற்று. கொஞ்ச நாள் கழித்துத்தான் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது.

கவின் பங்குனி வெயிலில் பிறந்தான். நல்ல நிறம், காது மட்டும் எங்கள் அப்பாவின் காது. பால் குடிக்கும்போது அவனுக்கு நெற்றி வேர்க்கும். இரண்டு வாய் குடிப்பான், நிறுத்தி மூச்சு வாங்குவான், மறுபடி குடிப்பான். வெயிலுக்கு வேர்க்கிறது என்று அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். நான் அவன் மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். படித்த படிப்பு அங்கே ஒன்றும் எனக்கு உதவவில்லை, இரைச்சலாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது. கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தோம்.

இருட்டு அறையில் அந்தத் திரையை நான் பார்த்தேன். டாக்டர் விரலை வைத்துக் காட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. நடுச்சுவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கத்து இரத்தமும் அங்கே கலந்து சுழன்றுகொண்டிருந்தது. எத்தனையோ முட்டையில் பார்த்த அதே படம், திரையில் பெரிதாக. குழந்தை கொஞ்சம் எடை போடட்டும், ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். நல்ல மனிதர். செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார், இந்தச் சுவரெல்லாம் கரு உண்டான முதல் வாரங்களிலேயே முடிந்துவிடுகிற காரியம், நிறைய அம்மாக்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாத நேரம், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று. திரும்பி வரும்போது ஆட்டோவில் செல்வி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு வந்தாள். துடியலூர் தாண்டும்போது எண்ணுவதை நிறுத்திவிட்டாள். ஆடி மாதத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அவள் மட்டும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அதுவரை ஒரு நாளும் வந்ததில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றாள். முட்டையைக் காட்டு என்றாள். மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நான் ஒரு முட்டையின் ஜன்னலைத் திறந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். எனக்கு அவள் மணிக்கட்டைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை.

"செவுரு எங்க?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லை, இனிமேல்தான் என்றேன். இந்த நேரத்தில் கொஞ்சம் குளிர்ந்தால்கூட வராதா என்றாள். நான் சாப்பாட்டில் கை காயப் பேசியதெல்லாம் அவளுக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது. முட்டை வேறு, வயிறு வேறு என்று நான் பதறிக்கொண்டு விளக்கினேன். முட்டைக்கு வெளியில் இருந்துதான் சூடு வரவேண்டும். நம் உடம்புக்குள் மழையில் நனைந்தாலும் சூடு இறங்காது, நீ எவ்வளவு நனைந்திருந்தாலும் அவனுக்குக் குளிர்ந்திருக்காது. இதெல்லாம் உண்மை. அவளும் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப காய்ச்சல் வந்துச்சே, அது?"

முந்தைய நான்கு நாளும் நூலகத்தில் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். அநேகமாகக் காரணமே தெரிவதில்லை என்று எல்லோருமே எழுதியிருந்தார்கள். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்தே தெரியும். தெரியாது செல்வி, யாருக்குமே தெரியாது என்றேன்.

"உனக்கே தெரியலைன்னா, நானாவும் இருக்கலாம்லக்கா?"

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டாள். எங்கள் படிப்பில் தெரியாது என்பது கௌரவமான சொல். ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தியில் அதை அழகாக எழுதி முடிப்போம். பெற்றவளின் முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்க்கவேண்டும். கால் வலிக்கும்வரை நின்றுவிட்டு அவளை பஸ் ஏற்றிவிட்டேன்.

இதற்கு நடுவில் எங்கள் அம்மா தனியாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நான் முட்டையை வைத்துப் படிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். நாமக்கல் பக்கத்துக் கோழி டாக்டர் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள் போல. கவினுக்கு இப்படி என்று ஆனபிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உள்ளே உயிர் துடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் உடைக்கிறாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அதான்" என்றாள். வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒறம்பரை என்று யாராவது வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாகக் கோழியைத் துரத்திப் பிடிக்கிற கை இவளுடையது. மசாலா அரைபடுவதற்குள் கோழி அறுபட்டுவிடும். அதைச் சொல்லிக் கேட்டேன்.

"திங்கறதுக்குக் கொல்றது வேற அம்மணி. வேடிக்கை பாக்கக் கொல்றது வேற" என்றாள்.

நான் எழுந்து போய்விட்டேன். ஆனால் பாருங்கள், அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தபோது ஒன்று புலப்பட்டது. அம்மாவின் கணக்கில் செல்விக்கு இடமே இல்லை. குதிரை இல்லை, மழை இல்லை, காய்ச்சல் இல்லை. என் முட்டைகள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நான் படித்துத் தேடியும் கிடைக்காத விடுதலையை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அது பொய்தான். ஆனால் அந்த வீட்டில் அப்போது செல்வியைக் குற்றம் சொல்லாத ஒரே காரணம் அதுதான்.

அதனால் அடுத்த முறை எல்லோரும் காங்கேயத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது, செல்வி கேட்கும்படி சொன்னேன். "அம்மா சொல்றதுதான் நெசம். எனக்கும் அப்படித்தான் தோணுது. நான் பண்ணுனதுதான்." செல்வி குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுகிறவள். அன்றைக்கு நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். பிறகு மறுபடியும் தட்ட ஆரம்பித்தாள்.

பரிகாரம் என்ன என்று அம்மாதான் தீர்மானித்தாள். முதலில் குலதெய்வத்துக் கோயிலில் ஒரு விடைக்கோழியை உயிரோடு விட்டோம். கோயிலுக்கு வந்த கோழி உயிரோடு போவதைப் பார்த்துப் பூசாரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, அறுக்க வேண்டாமா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். பிறகு வீட்டில் அடை வைப்பது. எத்தனை முட்டை உடைத்தாய் என்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் உயிரோடு இருக்கிறவரைக்கும் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்றாள். கூடையில் தவிடும் மணலும் பரப்பி, இடிக்குப் பயந்து ஒரு கரித்துண்டும் இரும்பும் போட்டு, முட்டையை என் கையால்தான் வைக்கவேண்டும் என்றாள். வைத்தேன். கோழி வந்து என் கையைக் கொத்திவிட்டு மேலே உட்கார்ந்துகொண்டது. பொரிக்கிற குஞ்சை அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, அது தன்பாட்டுக்கு வாழ்ந்து சாகவேண்டும். இன்குபேட்டரைவிட அந்தக் கூடையில் வெப்பம் ஒழுங்காக இருந்தது என்பதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. என் புத்தி அப்படி.

கவின் எடை போடவில்லை. அவன் சாப்பிட்டதையெல்லாம் அந்த இதயம் ஓடியே தீர்த்தது. தராசில் வைக்கும்போதெல்லாம் நாங்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்போம், இன்குபேட்டருக்கு முன்னால் நின்ற மாதிரியேதான். சிரிக்கக் கற்றுக்கொண்டான். முற்றத்தில் குஞ்சுகள் மேய்வதைப் பார்த்தால் காலை உதைத்துக்கொள்வான். ஐப்பசி மழையில் சளி பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள் அவன் இறந்துபோனான். செல்வி அவனைக் கடைசிவரை துணியில் சுற்றிக்கொண்டே இருந்தாள், குளிரும் குளிரும் என்று சொல்லிக்கொண்டு. யாராலும் அவள் கையைப் பிரிக்க முடியவில்லை. நானும் போய் முயற்சி செய்யவில்லை.

அதற்குப் பிறகு செல்வி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. நானும் அந்தியூர் என்ற பேரை அவள் முன்னால் எடுத்ததில்லை. ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போனேன். முட்டையில் ஜன்னல் வெட்டப் போனால் கை தயங்கியது. பாவம் என்று நான் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை, ஆனாலும் கை தயங்கியது. மேடம் பார்த்துவிட்டு, எழுதவேண்டியதை எழுதி முடி, இனி புதிதாக எதையும் உடைக்க வேண்டாம் என்றார். எழுதி முடித்தேன். அந்தச் செல்களைக் கிளம்பச் சொல்வது எது என்பதில் உலகத்தில் நிறையக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். படித்து முடித்ததும் கடைசிப் பத்திக்குப் போய்ப் பார்ப்பேன். தெரியாது என்பது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தாரணி பிறந்தாள், நல்ல கனத்தோடு. அம்மா போய்ச் சேர்ந்தாள். அம்மாவின் கோழிகளை என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே செல்வி கோழி அடைக்கிற கொடாப்போடு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பட்டறைக்குப் பின்னால் இடம் இருக்கிறது, பிள்ளைக்கு வேடிக்கை, அம்மா ஞாபகத்துக்கும் ஆயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

இப்போது கட்டிலுக்கு அடியில் அந்த முட்டை சிவந்துகொண்டிருந்தது. உயிர் இருக்கிறது தாரணி, நல்லா இருக்கிறது என்று ஒருவழியாகச் சொன்னேன். தன் அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள் என்றாள். இந்தக் கோழியை மட்டும் அறுக்கவும் விடுவதில்லை, விற்கவும் விடுவதில்லை, ஒரு தரம் அப்பா யாருக்கோ தூக்கிக் கொடுத்ததற்கு அம்மா ஒரு வாரம் பேசவில்லை என்றாள். பாட்டி கோழி அல்லவா, அதனால் இருக்கும் என்றேன்.

"இல்லீங்க பெரியம்மா. இது உங்க பேர்ல வெக்கற அடைங்க. பெரியம்மா தெரியாமப் பண்ணிப்போட்டா, அவ மேல கோவம் வெக்கக்கூடாது, நாமதான் அவளுக்காகப் பாவத்தக் கழிக்கோணும்னு அம்மா சொல்லுவாங்க. கவின் அண்ணன் போட்டோவுக்கு முன்னால வெச்சு எடுத்துட்டுப் போயித்தான் அடைக்கே வெப்பாங்க."

முதலில் ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்கமாட்டேன். அன்றைக்கு நான் கல்லாக வைத்துக்கொண்ட முகம் பலித்துவிட்டது. செல்வியின் மேல் குதிரையும் இல்லை, மழையும் இல்லை, அவள் தப்பித்துவிட்டாள். அடுத்த நொடியே மற்றது புரிந்தது. இத்தனை வருஷமாக என் தங்கை, தன் பிள்ளையைக் கொன்றது நான்தான் என்று நம்பிக்கொண்டு எனக்குப் பொங்கலுக்கு முறுக்கு சுட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு வந்திருக்கிறாள். என்னை மன்னித்திருக்கிறாள், நான் செய்யாத ஒன்றுக்கு. கொஞ்சம் கோபம்கூட வந்தது, எப்படி என்னைப் பற்றி நம்பினாய் என்று. நம்பவைத்ததே நான்தான், யாரிடம் போய்ச் சொல்ல.

அந்த ஹேச்சரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் வந்துவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார்கள், பால்பவுடர் டப்பா எந்தக் குப்பைக்குப் போயிற்றோ. மேடம், தன் மகன் வீட்டோடு போய்விட்டார். அந்த மாதிரிக் கரண்ட் கட்டும் இப்போது இல்லை. அம்மா இல்லை. இவை எதையும் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. காணாமல் போனவற்றில் நான் திரும்பக் கேட்க விரும்புவது செல்வியின் அந்தக் கேள்வி ஒன்றைத்தான், அதைத்தான் கேட்கவும் முடியாது. நான் வாயைத் திறந்து, அது பொய் செல்வி, என் முட்டைக்கும் உன் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொன்னால், அந்தக் கேள்வி நேராக அவளிடம்தான் திரும்பிப் போகும். அதற்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

போர்வை விலகி வெளிச்சம் வந்தது. செல்வியின் கை உள்ளே நுழைந்து டார்ச்சின் மேலிருந்த முட்டையை எடுத்தது. "குளுந்துபோயிரும் கண்ணு, கொண்டுபோயி வெய்யி" என்றாள். தாரணி முட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓடினாள். பிறகு செல்வியின் முகம் திரையில் வந்தது. நெற்றியோரம் நரைத்திருந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்சம் பார்த்தாள்.

"சாப்டியாக்கா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன்.